செருப்பு கடித்தால் எங்கே கழற்றலாம், எப்படிக் கழற்றலாம்: வேலைக்குப் போகத் தொடங்கும் பெண்களுக்கு

கோயிலிலும் வீட்டிலும் செருப்பைக் கழற்ற யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சிக்கலெல்லாம் கழற்றச் சொல்லாத இடங்களில்தான். ஹீல்ஸ் போட்டே ஆக வேண்டும் என்கிற ரிசப்ஷனிஸ்ட் வேலை, மூன்று மணி நேரம் மேடையில் நிற்க வேண்டிய கல்யாண வரவேற்பு, புது ஷூவோடு போகிற நேர்முகத் தேர்வு. குதிகாலில் தோல் உரிந்திருக்கும். கழற்றினால் யார் என்ன நினைப்பார்களோ என்று பல்லைக் கடித்துக்கொண்டு நிற்போம்.

உண்மையில் நம் ஊரில் வெறுங்காலை யாரும் குறையாகப் பார்ப்பதில்லை. முகம் சுளிப்பது மூன்று விஷயங்களுக்குத்தான்: அடுத்தவர் மேலோ அவர் உட்காரும் இடத்திலோ நம் கால் படுவது, கழற்றிய செருப்பு நடைவழியில் கிடப்பது, வாடை. இந்த மூன்றையும் பார்த்துக்கொண்டால் பெரும்பாலான இடங்களில் தாராளமாகக் கழற்றலாம். சில இடங்களில் மட்டும் பாதுகாப்புக் காரணத்தால் கழற்றவே கூடாது. இரண்டையும் கீழே எழுதியிருக்கிறேன். சென்னையை மனதில் வைத்து எழுதியது. மற்ற ஊர்களில் விலை கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

1. எங்கே கடிக்கிறது என்று முதலில் பாருங்கள்

எல்லாக் கடிக்கும் கழற்றுவது மருந்தாகாது.

குதிகாலின் பின்பக்கம் உரசினால், ஷூ கொஞ்சம் லூஸ், அல்லது பின்விளிம்பு இன்னும் விறைப்பாக இருக்கிறது என்று அர்த்தம். இதற்கு மருந்துக்கடையில் கிடைக்கும் மைக்ரோபோர் டேப் போதும். ஒரு அங்குல அகல டேப்பை இரண்டு விரல் நீளத்துக்கு வெட்டி, நான்கு மூலைகளையும் வட்டமாகக் கத்தரித்து, தோலின் மேல் ஒட்டுங்கள். மூலை கூராக இருந்தால் வியர்வையில் அங்கிருந்துதான் உரியத் தொடங்கும். கால் ஈரமாக இருந்தால் எதுவும் ஒட்டாது. துடைத்து, இரண்டு நிமிடம் காற்றாடவிட்டு ஒட்ட வேண்டும். சாதாரண பிளாஸ்திரி சென்னை வியர்வையில் அரை மணி நேரத்தில் சுருண்டு ஷூவுக்குள் உருண்டையாகிவிடும். அது உரசலைவிடப் பெரிய தொல்லை.

விரல்களை இருபுறமும் அழுத்தினால் ஷூவின் முன்பகுதி குறுகல். டேப்பும் உதவாது, பேடும் உதவாது. உள்ளே எதை வைத்தாலும் இடம் இன்னும் குறையும். கழற்றுவது ஒன்றே வழி.

விரல்களுக்குக் கீழே, முன்பாதத்தில் எரிச்சல் என்றால் ஹீல்ஸின் உயரம் காரணம். உடல் எடை முன்பக்கம் சாய்கிறது. பத்து நிமிடம் உட்கார்ந்தாலே பாதி குறையும். முன்பாதத்துக்கான ஜெல் பேட் வைத்தால் இன்னும் கொஞ்ச நேரம் தாங்கும்.

பட்டை அழுத்துகிறது என்றால் ஒரு துளை தளர்த்திப் பாருங்கள். காலையில் சரியாக இருந்த துளை மாலையில் இறுக்கமாகத்தான் இருக்கும், கால் வீங்குவதால்.

தோல் சிவந்து சூடாக உணரும்போதே டேப் ஒட்டிவிட வேண்டும். கொப்புளம் வந்த பிறகு ஒட்டினால், டேப்பை எடுக்கும்போது மேல்தோலும் கூட வரும். வந்துவிட்ட கொப்புளத்தை ஊக்கால் குத்தி உடைக்காதீர்கள். சுத்தமான துணியோ பஞ்சோ வைத்து மூடிவிட்டு, பின்பட்டை இல்லாத செருப்புக்கு மாறுங்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு மட்டும் தனியாக ஒன்று. வெறுங்காலோடு நடப்பது உங்களுக்கு எங்கேயும் வேண்டாம். காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் கல் குத்தியதோ தரை சுட்டதோ தெரியாது. புண் ஆறவும் நாளாகும். உங்களுடைய மாற்றுச் செருப்பு எம்.சி.ஆர் (நுண்துளைகள் கொண்ட மெத்தென்ற ரப்பர்) வைத்ததாக இருக்கட்டும்.

2. பையில் இருக்க வேண்டியவை

மாற்றுக் காலணி ஒன்று. மடித்துச் சுருட்டி வைக்கும் ஃபிளாட்ஸ் 300 முதல் 600 ரூபாய்க்குக் கிடைக்கும். ஆனால் அதன் அடிப்பகுதி மெல்லியது. மே மாத வெயிலில் பஸ் ஸ்டாண்டில் நின்றால் தார்ச்சாலைச் சூடு அப்படியே ஏறும். ஐப்பசி, கார்த்திகை மழையில் துணி நனைந்து நாற்றமெடுக்கும். சாலையில் நடக்கும் வேலை இருந்தால் 150, 200 ரூபாய் ஹவாய் செருப்பே மேல். அழகு குறைவுதான், ஆனால் கழுவிவிடலாம்.

செருப்பு வைக்க ஒரு துணிப்பை. பிளாஸ்டிக் கவர் வேண்டாம். மீட்டிங் ரூமில் அது எழுப்பும் சத்தத்துக்கே எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். ஹோட்டலில் கொடுக்கும் ஷவர் கேப் இருந்தால் எடுத்து வையுங்கள், ஒரு ஜோடி செருப்பின் அடிப்பக்கத்தைக் கச்சிதமாக மூடும்.

மைக்ரோபோர் ஒரு ரோல், சின்னக் கத்தரி (விமானத்தில் கைப்பையில் வேண்டாம், வீட்டிலேயே வெட்டி எடுத்துப் போங்கள்), வெட் டிஷ்யூ, காலைத் துடைக்கத் தனிக் கைக்குட்டை, ஷூவுக்கு வெளியே தெரியாத குட்டை சாக்ஸ் ஒரு ஜோடி. புடவை கட்டுகிறவர்கள் நான்கைந்து சேஃப்டி பின் கூட வைத்துக்கொள்ளுங்கள். காரணம் 7-இல் வரும். எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். முதல் சம்பளம் வரும்வரை காத்திருக்க வேண்டாம், முதல் நாளே தேவைப்படும்.

3. கழற்றும் முறை

பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். நான்கைந்து மணி நேரம் இறுக்கமான ஷூவில் இருந்த கால், வெளியே வந்ததும் இன்னும் கொஞ்சம் விரியும். பத்து நிமிடம் கழித்து மறுபடி நுழைத்தால் நுழையாது. நுழைந்தாலும் முன்பைவிட அதிகமாக வலிக்கும். அதனால் கழற்றும் முன்பே முடிவு செய்யுங்கள்: கொஞ்ச நேரம் மட்டும் காலுக்கு ஓய்வா, இன்றைக்கு இதோடு முடிந்ததா?

கொஞ்ச நேர ஓய்வு என்றால் பக்கிளைத் தளர்த்தி, குதிகாலை மட்டும் வெளியே எடுத்து, ஷூவின் பின்விளிம்பை மிதிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். முழுதாகக் கழற்றினால் இனி மாற்றுச் செருப்புதான் என்று தயாராகக் கழற்றுங்கள். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால், அதாவது கழற்றியாகிவிட்டது, கால் வீங்கிவிட்டது, மேலதிகாரி கூப்பிடுகிறார் என்றால், பாத்ரூமில் குளிர்ந்த தண்ணீர் விட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, முடிந்தால் பத்துப் பதினைந்து நிமிடம் காலை ஒரு ஸ்டூல் மேல் உயர்த்தி வைத்துவிட்டுப் போடுங்கள். ஈரக்காலைத் திணித்தால் கொப்புளம் நிச்சயம்.

உட்கார்ந்துதான் கழற்ற வேண்டும். ஒற்றைக்காலில் நின்று சுவரைப் பிடித்துக்கொண்டு கழற்றுவது ஹீல்ஸில் ஆபத்து, பார்க்கவும் தடுமாற்றமாக இருக்கும். ஸ்கர்ட்டோ குட்டையான குர்தாவோ போட்டிருந்தால் முழங்கால்களைச் சேர்த்து, பக்கவாட்டில் சாய்ந்து கையை பக்கிளுக்குக் கொண்டுபோங்கள். ஒரு காலின் நுனியால் மறு ஷூவின் பின்பக்கத்தை மிதித்துக் கழற்றும் பழக்கம் இருந்தால் விடுங்கள். பின்பக்கம் மடங்கிய ஷூதான் அடுத்த வாரம் குதிகாலை அறுக்கும்.

கழற்றியதும் இரண்டையும் ஜோடியாக, நுனி வெளிப்பக்கம் பார்க்க, உங்கள் நாற்காலிக்குக் கீழேயே வையுங்கள். எழுந்ததும் அப்படியே கால் நுழையும். பக்கவாட்டில் கவிழ்ந்து கிடக்கும் ஹீல்ஸ் அடுத்தவர் காலைத் தடுக்கும்.

ஷூவைக் கால்விரல் நுனியில் தொங்கவிட்டு ஆட்டுவது பலருக்குத் தெரியாமலே நடக்கிறது. கழற்றினால் கவனிக்காதவர்கள்கூட இதைக் கவனிப்பார்கள். பாதி கழற்றி ஆட்டுவதைவிட முழுதாகக் கழற்றி ஓரமாக வைப்பது எவ்வளவோ நாகரிகம்.

வாடை விஷயத்தில் நம் மூக்கை நம்ப முடியாது, பழகிப்போயிருக்கும். சந்தேகமாக இருந்தால் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு, மூடிய ஏ.சி. அறையில் கழற்றாதீர்கள். மூடிய ஷூவை அடுத்தடுத்த நாள் போடாமல் ஒரு நாள் விட்டுப் போட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். உள்ளே இருக்கும் ஈரம் காய அவ்வளவு நேரம் ஆகிறது. விரல் இடுக்குகளைத் துடைத்துவிட்டு சாக்ஸ் போடுவது மீதிப் பாதி.

செருப்பைத் தொட்ட கையோடு உடனே கைகுலுக்குவதோ, பலகாரத் தட்டை நீட்டுவதோ வேண்டாம். நம் ஆட்கள் கழற்றியதை மன்னிப்பார்கள், இதை மன்னிக்க மாட்டார்கள்.

4. ஆபீசில்

உங்கள் மேஜை முன்பக்கம் மூடியிருந்தால் கீழே கழற்றி வைப்பதை யாரும் கேட்கப் போவதில்லை. திறந்த மேஜை, எதிரே வாடிக்கையாளர் உட்காருகிறார் என்றால் வேண்டாம். இடைவேளையில் ஓய்வறைக்குப் போய் மாற்றிக்கொள்ளுங்கள். மேஜையடியில் ஒரு ஜோடி சாதாரணச் செருப்பை நிரந்தரமாக வைத்துவிடுவது பல ஆபீஸ்களில் வழக்கம்தான். டிராயரில் வைக்காதீர்கள். அதே டிராயரில்தான் ஃபைலும் பிஸ்கட்டும் இருக்கும்.

செருப்பில்லாமல் எழுந்து நடக்காதீர்கள். பிரிண்டர் நாலு அடி தூரம்தான் என்றாலும் தரையில் ஸ்டேப்ளர் பின் கிடக்கும். பேன்ட்ரி, பாத்ரூம், லிஃப்ட் எதற்கும் இதே விதி. தீயணைப்புப் பயிற்சி மணி அடித்தால் தேடிக்கொண்டிருக்க முடியாது. கால் நீட்டினால் எட்டும் இடத்திலேயே இருக்கட்டும்.

மீட்டிங்கில் கழற்ற வேண்டாம். ஒன்று, நடுவில் எழுந்து போர்டில் எழுதச் சொல்வார்கள். இன்னொன்று, மேஜைக்குக் கீழே கால்விரலால் ஷூவைத் தேடுவது முகத்தில் அப்படியே தெரியும். தாங்கவே முடியவில்லை என்றால் பக்கத்தில் இருப்பவரிடம் மெதுவாக, “கால் ரொம்பக் கடிக்குது, அஞ்சு நிமிஷத்துல செருப்பு மாத்திட்டு வந்துடறேன்” என்று சொல்லிவிட்டுப் போங்கள். மழுப்பிவிட்டுப் போனால் வயிற்று வலியா என்று நான்கு பேர் விசாரிப்பார்கள்.

நேர்முகத் தேர்வுக்குப் பழகிய செருப்பில் போய், கட்டடத்தின் கீழ்த்தளத்தில் மாற்றிக்கொள்ளுங்கள். குறித்த நேரத்துக்கு இருபது நிமிடம் முன்னால் போனால் போதும். பழைய செருப்பைப் பைக்குள் வையுங்கள். செக்யூரிட்டியிடம் விட்டுப் போனால் அவர் ஷிஃப்ட் மாறியிருப்பார்.

5. பஸ், மெட்ரோ, எலக்ட்ரிக் ட்ரெயின்

நின்றுகொண்டு போகும்போது எவ்வளவு கடித்தாலும் கழற்றாதீர்கள். பிரேக் போட்டால் பக்கத்தில் நிற்பவரின் முழு எடையும் உங்கள் விரல்மேல் இறங்கும். உட்கார இடம் கிடைத்தால் குதிகாலை மட்டும் வெளியே எடுங்கள். எதிர் சீட்டில் கால் நீட்டுவது ஷூவோடும் தப்பு, ஷூ இல்லாமலும் தப்பு. கழுவின கால்தானே என்ற சமாதானம் செல்லாது.

கால் யார்மேலாவது பட்டுவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும்: கையால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது, முடியாத நெரிசலில் “சாரிக்கா” என்று ஒரு வார்த்தை.

எஸ்கலேட்டரில் வெறுங்கால் கூடவே கூடாது. படிகளின் பற்களும் ஓரத்து இடுக்கும் விரலைப் பிடித்துவிடும். பென்சில் ஹீல்ஸும் அதே பற்களுக்கு நடுவில் சிக்கும். கையில் ஹீல்ஸ், காலில் ஒன்றுமில்லை என்ற நிலையில் மெட்ரோ நிலையத்துக்குள் போக நேர்ந்தால் லிஃப்டில் போங்கள். இறங்க வேண்டிய ஸ்டேஷனுக்கு ஒரு நிறுத்தம் இருக்கும்போதே ஷூவுக்குள் காலை நுழைத்துவிடுங்கள்; கதவு திறந்த பிறகு பக்கிள் மாட்ட நேரம் இருக்காது.

6. இரவு ரயில், விமானம்

ரயிலில் கழற்றுவது இயல்பு. எங்கே வைப்பது என்பதில்தான் சண்டை வரும். கீழ் பெர்த்துக்கு அடியில் பெட்டிகளுக்கு முன்னால் வைத்தால், இரவில் இறங்குகிற யாராவது எத்தி அடுத்த கோச்வரை அனுப்பிவிடுவார்கள். பெட்டிக்குப் பின்னால், சுவரோரமாகத் தள்ளுங்கள். கீழே உட்கார்ந்திருப்பவர் பெரியவர் என்றால், “அம்மா, செருப்பை இந்த ஓரமா வெச்சுக்கட்டுமா?” என்று கேட்டுவிட்டு வைத்தால் அவரே காவலுக்கும் இருப்பார். மேல் பெர்த்காரர்கள் செருப்பு திருடு போகாமல் இருக்க அதை ஃபேன் மேல் வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஃபேன் போட்டதும் மண் முழுதும் கீழே சாப்பிடுகிறவர் இலையில் கொட்டும். துணிப்பையில் போட்டு உங்கள் கால்மாட்டில் வைத்துக்கொள்ளுங்கள், யாருடைய தலைமாட்டிலும் இடிக்காதபடி. டாய்லெட்டுக்கு ஹவாய் செருப்பு கட்டாயம். ஹீல்ஸும் வேண்டாம், ஓடும் ரயிலின் ஈரத் தரையில் வழுக்கும்.

விமானத்தில், ஹீல்ஸ் உள்ள ஷூக்களின் நடுப்பகுதியில் பெரும்பாலும் இரும்புத் தகடு இருக்கும். பாதுகாப்புச் சோதனையில் சத்தம் வந்தால் கழற்றி டிரேயில் வைக்கச் சொல்வார்கள். சாக்ஸ் போட்டுப் போனால் பொதுத்தரையில் வெறுங்கால் படாது. உள்ளே, சீட் பெல்ட் விளக்கு அணைந்த பிறகு கழற்றலாம். புறப்படும்போதும் இறங்கும்போதும் ஷூ காலில் இருக்க வேண்டும், ஏனென்றால் அவசரமாக வெளியேற நேர்வது பெரும்பாலும் அப்போதுதான். ஆனால் அவசரச் சறுக்கில் இறங்கும்போது கூர் ஹீல்ஸைக் கழற்றச் சொல்வார்கள், அது சறுக்கைக் கிழித்துவிடும் என்பதால். ஆக விமானப் பயணத்துக்கு ஃபிளாட்ஸ் தவிர வேறு எதுவும் புத்திசாலித்தனம் இல்லை. முன் சீட்டின் கைப்பிடி இடுக்கில் பின்னாலிருந்து பாதத்தை நுழைப்பவர்களும் இருக்கிறார்கள். அதைப் பற்றி என்ன சொல்ல.

7. கல்யாண வரவேற்பு

ஹீல்ஸ் அதிகம் வலிக்கும் இடம், கழற்ற அதிகம் யோசிக்க வேண்டிய இடம் இரண்டும் இதுதான்.

முதல் பொறி புடவை. மூன்று அங்குல ஹீல்ஸ் போட்டுக்கொண்டு கொசுவம் வைத்திருப்பீர்கள். அதைக் கழற்றிவிட்டு ஃபிளாட்ஸ் போட்டதும், கிட்டத்தட்ட அந்த உயரம் முழுவதும் துணி தரையில் புரளும். அடுத்த அடியில் கொசுவத்தை நீங்களே மிதித்து, இடுப்பிலிருந்து மொத்தமும் உருவிக்கொண்டு வரும். இதற்கு இரண்டு வழி. ஒன்று, மாற்றுச் செருப்பே இரண்டு அங்குல வெட்ஜாக (அடி முழுதும் ஒரே கட்டையாக வருவது) இருக்கட்டும். உயரம் பெரிதாகக் குறையாது, எடை பாதம் முழுதும் பரவும். இன்னொன்று, கழற்றுவதற்கு முன் மணப்பெண் அறைக்குப் போய், கொசுவத்தை இடுப்பில் இரண்டு அங்குலம் மேலே இழுத்து உட்புறம் மடித்து, உள்பாவாடை நாடாவோடு சேர்த்து பின் குத்துங்கள். ஐந்து நிமிட வேலை. லெஹங்கா என்றால் இடுப்புப் பட்டையை ஒரு மடிப்பு மடித்தால் போதும். பட்டுப்புடவையில் பின்னைக் கரைக்குப் பக்கத்தில் குத்தாதீர்கள், ஜரிகை இழுத்துக்கொள்ளும்.

இரண்டாவது, மேடை. பல மண்டபங்களில் வரவேற்பு மேடை பலகை அடித்து மேலே கார்ப்பெட் விரித்ததுதான். பென்சில் ஹீல்ஸ் பலகைகளுக்கு இடையில் இறங்கும். ஈ.சி.ஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) பக்கம் புல்தரையில் நடக்கும் வரவேற்பில் மண்ணுக்குள்ளேயே போகும். அகலமான கட்டை ஹீல்ஸ் (பிளாக் ஹீல்ஸ்) என்றால் இரண்டு பிரச்சினையும் இல்லை.

மணப்பெண்ணாக இருந்தால், போட்டோகிராபரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: முழு உருவப் படங்களை முதல் அரை மணியில் எடுத்து முடிக்கட்டும். அதன் பிறகு விருந்தினரோடு நிற்கும் படங்கள்தான். ஹீல்ஸைக் கழற்றி சோபாவுக்குப் பின்னால் தள்ளிவிட்டு வெட்ஜில் நிற்கலாம். யார் அதை எடுத்து வைப்பது என்று ஒரு ஆளை நியமியுங்கள், சித்தி பெண்ணோ தோழியோ. இல்லாவிட்டால் சோபா வாடகைக்காரர் சோபாவோடு சேர்த்து ஏற்றிக்கொண்டு போவார்.

பெரியவர்கள் ஆசீர்வாதம் செய்ய மேடையேறினால், அவர்கள் காலில் விழும் முன் நீங்கள் செருப்பைக் கழற்ற வேண்டும். பக்கிள் வைத்த ஹீல்ஸில் ஒவ்வொரு தாத்தாவுக்கும் இது நடக்காத காரியம். கால் நுழைத்தால் போதும் என்கிற மாடலே மேடைக்கு ஏற்றது.

விருந்தினராக வந்திருந்தால் வழக்கம் எளிது. முகூர்த்தத்தில் மணமேடைக்குச் செருப்போடு போகக் கூடாது. மேடைக்குக் கீழேயே கழற்ற வேண்டும். வரவேற்பில் பொதுவாகச் செருப்போடு ஏறுகிறார்கள். குத்துவிளக்கோ சாமி படமோ மேடையிலேயே இருந்தால் முன்னால் போகும் குடும்பத்தார் செய்வதைப் பார்த்துச் செய்யுங்கள். பந்தியில் மேஜைக்கு அடியில் கழற்றலாம், ஆனால் கை கழுவப் போகும்போது போட்டுக்கொள்ளுங்கள். அங்கே தண்ணீரும் இலைத் துண்டும் பாயசமுமாகக் கிடக்கும்.

8. வீடு, கோயில்

இங்கே பிரச்சினை தலைகீழ், சட்டென்று கழற்ற முடியாதது. ஆறு பட்டை சுற்றிய கிளாடியேட்டர் செருப்போடு ஒரு வீட்டுக்குப் போனால் வாசலை அடைத்துக்கொண்டு குனிந்து நிற்க வேண்டும், பின்னால் வருகிறவர்கள் காத்திருப்பார்கள். வாசற்படிமேலும் கோலத்தின்மேலும் செருப்பை விடாதீர்கள், சுவரோரம் விடுங்கள். “பரவாயில்லம்மா, அப்படியே வாங்க” என்று சொன்னாலும் கழற்றிவிடுங்கள். அது உபசார வார்த்தை.

கோயில் செருப்புக் காப்பகத்தில் கட்டணம் எவ்வளவு, இலவசமா என்பது போர்டில் எழுதியிருக்கும். டோக்கனைப் பர்ஸில் வையுங்கள், அர்ச்சனைத் தட்டில் வேண்டாம். வெயில் காலத்தில் பதினொரு மணிக்கு மேல் கல்தரை கொதிக்கும். சாக்ஸ் போட்டுப் போகலாமா என்று காப்பகத்திலேயே கேட்டுவிடுங்கள்.

9. எங்கே கழற்றவே கூடாது

கார் ஓட்டும்போது ஹீல்ஸைக் கழற்றிக் காலடியிலேயே போட்டுவிட்டு ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர். அந்த ஷூ உருண்டு பிரேக் பெடலுக்கு அடியில் போனால் பிரேக் இறங்காது. கழற்றினால் பக்கத்து சீட்டுக்கு முன்னாலோ பின்சீட்டிலோ வையுங்கள், ஓட்ட ஃபிளாட்ஸ் போடுங்கள். ஸ்கூட்டரில் வெறுங்கால் வேண்டாம், சிக்னலில் ஊன்றும்போது தெரியும்.

தொழிற்சாலைத் தளம், ஆய்வகம், கட்டுமான இடம் எதிலும் பாதுகாப்புக் காலணியை ஒரு நிமிடம்கூடக் கழற்றக் கூடாது. அளவு சரியில்லை என்றால் ஸ்டோரில் மாற்றிக் கேளுங்கள். ஆண்களின் சின்ன அளவைக் கொடுத்துச் சமாளிப்பார்கள். பெண்களின் பாதம் குதிகாலில் குறுகலாக இருப்பதால் அது உரசும். பெண்களுக்கான அச்சில் செய்தவை கிடைக்கின்றன. ஆஸ்பத்திரி வார்டு, பொதுக் கழிப்பறை, மழைத்தண்ணீர் தேங்கிய தெரு இவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

10. தினமும் கடிக்கிறதென்றால்: விதியை மாற்றக் கேட்பது

முதலில் உங்கள் பணி ஆணையையும் ஹெச்.ஆர் கையேட்டையும் படியுங்கள். பெரும்பாலானவற்றில் ‘ஃபார்மல் காலணி’ என்று மட்டுமே இருக்கும். ஹீல்ஸ் என்ற வார்த்தையே இருக்காது. அது சூப்பர்வைசரின் விருப்பமாக இருக்கலாம். மூடிய, கறுப்பு, ஒரு அங்குலத்துக்குக் குறைவான உயரமுள்ள பம்ப்ஸ் (பட்டையில்லாமல் கால் நுழைக்கும் ஷூ) போட்டுப் போங்கள், பெரும்பாலும் அத்தோடு முடிந்துவிடும்.

எழுத்தில் ஹீல்ஸ் கட்டாயம் என்று இருந்தால் மருத்துவர் கடிதம் வாங்குங்கள். தேவையானவை: மருத்துவரின் பதிவு எண், தேதி, பிரச்சினை என்ன (குதிகால் வலி, முதுகு வலி, கர்ப்பம், சர்க்கரை), என்ன வகைக் காலணி போட வேண்டும், எத்தனை மாதத்துக்கு. ‘ஓய்வு தேவை’ என்று மட்டும் எழுதிய சீட்டு உதவாது, விடுப்பு எடுக்கச் சொல்லிவிடுவார்கள். அரசு மருத்துவமனை புறநோயாளிப் பிரிவில் செலவில்லை, அரை நாள் போகும். தனியார் எலும்பு மருத்துவரிடம் 500 முதல் 1,000 ரூபாய்வரை ஆகலாம். கடிதத்தை ஸ்கேன் செய்து ஹெச்.ஆருக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். கையில் கொடுத்தால் கொடுத்ததற்கு அத்தாட்சி இல்லை. ஒரு வாரத்தில் பதில் இல்லையென்றால் அதே மின்னஞ்சலுக்குக் கீழேயே நினைவூட்டல் அனுப்புங்கள், புதிதாகத் தொடங்க வேண்டாம்.

ஜவுளிக்கடை, நகைக்கடை, ஷோரூமில் நாள் முழுக்க நிற்பவர்களுக்குச் சட்டம் ஒரு கை கொடுக்கிறது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-இல் 2021-ஆம் ஆண்டு 22-ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார எல்லா ஊழியருக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும் என்கிறது அது. காலணியைப் பற்றி அதில் பேச்சில்லை. ஆனால் உட்கார முடிந்தால்தானே கழற்ற முடியும். ஸ்டூல் இருக்கிறது, உட்கார்ந்தால் திட்டுகிறார்கள் என்றால் தொழிலாளர் துறை ஆய்வாளரிடம் எழுத்தில் புகார் கொடுக்கலாம். தனியாகக் கொடுப்பதைவிட நான்கு பேர் கையெழுத்திட்டுக் கொடுப்பது பாதுகாப்பு.

ஹெச்.ஆரிடம் பேசும்போது வெளிநாட்டு உதாரணம் உதவும் என்றால்: பிலிப்பைன்ஸ் தொழிலாளர் துறை 2017-இல் ஒரு அங்குலத்துக்கு மேல் ஹீல்ஸ் கட்டாயப்படுத்தக் கூடாது என்று ஆணையிட்டது; கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணமும் அதே ஆண்டு கட்டாய ஹீல்ஸைத் தடுத்தது. இங்கே அவை சட்டமில்லை, பேச்சுக்கு ஒரு பிடி, அவ்வளவுதான்.

11. வாங்கும்போதும் திருப்பும்போதும்

மாலை நான்கு மணிக்கு மேல் வாங்குங்கள், கால் அப்போதுதான் நிஜ அளவில் இருக்கும். இரண்டு காலிலும் போட்டுப் பாருங்கள். பெரிய காலுக்கு அளவெடுங்கள். நின்றபடி, நீளமான விரலுக்கு முன்னால் அரை விரற்கடை இடம் வேண்டும். ‘போடப் போட விரியும்’ என்ற கடைக்காரர் வாக்கு உண்மையான தோலுக்கு ஓரளவு பொருந்தும், ரெக்ஸினுக்குப் பொருந்தாது.

வீட்டுக்கு வந்ததும் தரையில் பெட்ஷீட் விரித்து அதன்மேல் அரை மணி நேரம் நடங்கள். அடியில் கீறலோ தூசியோ இருந்தால் கடையில் மாற்றித் தர மாட்டார்கள். பெட்டி, விலைச்சீட்டு, பில் மூன்றும் வேண்டும். பில்லை அன்றே போட்டோ எடுத்துவிடுங்கள், அந்தத் தாள் சில வாரங்களில் மங்கிவிடும். மாற்றும் கெடு கடைக்குக் கடை மாறும். பில்லின் பின்பக்கம் அச்சிட்டிருப்பார்கள், பணம் திரும்பத் தருவார்களா வேறு ஜோடிதான் தருவார்களா என்பதும் அங்கேயே இருக்கும். அதுவரை தினம் அரை மணி பெட்ஷீட் நடை தொடரட்டும். ஒரு வாரத்தில் பழகாத ஷூ பிறகும் பழகாது, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கெடு தாண்டிவிட்டால், தோல் ஷூவாக இருந்தால் செருப்பு தைப்பவரிடம் கட்டை போட்டு இரவு முழுதும் விரிக்கச் சொல்லலாம். 100 ரூபாய்க்குள் கேட்பார், மறுநாள் தருவார். எந்த இடம் அழுத்துகிறது என்று சாக்பீஸால் குறித்துக் கொடுங்கள். ரெக்ஸின் என்றால் அந்தக் காசையும் செலவழிக்க வேண்டாம். அது விரியாது, தையலோரம் வெடிக்கும்.